காத்துக் காணாது

குணலட்சுமி ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஆட்களைப் பார்க்க மாட்டாள். மாமரத்திலோ மதிலிலோ சாத்தியிருக்கிற சைக்கிளிடம்தான் போவாள். குனிந்து, பெருவிரலால் பின் ரயரை ஒருமுறை அமத்துவாள். பிறகு நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கி, "காத்துக் காணாது" என்பாள், அடித்த காற்றுப் போதாதென்று. செத்த வீட்டிலும் இப்படித்தான். அருளம்பலத்தாரின் தாய் செத்த அன்று, முற்றத்தில் பறை முழங்கிக்கொண்டிருக்க, வேலியோடு சாத்தியிருந்த பதினைந்து சைக்கிள்களையும் வரிசையாக அமத்திக்கொண்டு வந்து, அதன் பிறகுதான் உள்ளே போய் அழ உட்கார்ந்தாள். பதினைந்துக்கும் காத்துக் காணாது.

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில், வேலிகளுக்கு நடுவே ஓடும் அந்த ஒழுங்கைக்கு அவள் வந்து பன்னிரண்டு வருசம். அந்தப் பன்னிரண்டு வருசத்தில் ஒருவருடைய ரயராவது அவளுடைய பெருவிரலுக்குச் சரியாக இருந்ததில்லை. ஒருநாள் நமசிவாயம் அண்ணை அவளுடைய பம்பிலேயே காத்து அடித்துக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசல் படலையில் சைக்கிளைச் சாத்தினார். பின்னாலேயே ஏதோ அலுவலாக வந்தவள் அதையும் அமத்திப் பார்த்து அதையே சொன்னாள். தன் பம்பு, தன் கண்ணுக்கு முன்னால் அடித்த காத்து என்பதெல்லாம் அவளுக்கு நினைவில்லை. மற்றவனுடைய சைக்கிள் என்றால் அதில் ஒரு குறை இருக்கத்தான் வேண்டும்.

இதையெல்லாம் அடுத்த வளவிலிருந்து பாலேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் பாயோடு விழுந்த வருசம் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். யாராவது ஏதாவது கேட்டால் "ஓம்" என்பாள், இல்லாவிட்டால் சிரிப்பாள். வாய் சும்மா இருக்கிறவர்களுக்குக் கண் இரண்டு பங்கு வேலை செய்யும். குணலட்சுமியைப் பற்றி அந்த ஒழுங்கைக்குத் தெரியாத ஒன்று பாலேஸ்வரிக்குத் தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குணலட்சுமியும் புருசன் கதிரவேலுவும் மலைநாட்டிலிருந்து ஓடி வந்தார்கள். கதிரவேலு அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர். கொண்டு வந்தது ஒரு தோல்பெட்டியும் ஒரு பித்தளைப் பம்பும். நின்றுகொண்டு இரண்டு கையாலும் அடிக்கிற பெரிய பம்பு. வீட்டுக்கு நெருப்பு வைக்க ஆட்கள் வருகிறார்கள் என்றதும் கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் ஓடியதாகக் கதிரவேலு சொன்னார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். நகைப்பெட்டி பக்கத்தில் இருக்கப் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடின கதையைச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அப்படி ஓடி வந்தவர்களைப் பார்த்தால் எவருக்கும் மனம் இளகும். ஒழுங்கைக்கும் இளகியது. பாயும் பானையும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

குணலட்சுமிக்கு அந்த இரக்கம் பிடிக்கவில்லை. இரக்கப்பட வந்தவர்களை அவள் இருத்தி வைத்து மலைக் கதை சொன்னாள்.

"உங்களுக்கு என்ன தெரியும்? இஞ்சை தோசைக்கல்லு மாதிரித் தரை. குழந்தைப்பிள்ளையும் சைக்கிள் ஓடும். நான் மலையிலை ஓடினனான். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கிடங்கு. கீழை பாத்தால் தலை சுத்தும். நான் ஒரு கையாலை பிடிச்சுக்கொண்டு போவன்."

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. கீரிமலை என்று பேர் இருக்கிறது, அங்கேயும் மலை இல்லை. ஆனபடியால் அவளை ஏறிக் காட்டச் சொல்ல ஒருவருக்கும் வழி இருக்கவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. மலை இல்லாத ஊருக்கு அவள் மலைராணியானாள்.

பாலேஸ்வரிக்குத் தெரிந்தது இது. அந்த வருசம் ஆவணியில், விடிந்தும் விடியாத நேரத்தில், அவர்களுடைய பனையோலை வேலிக்குப் பின்னால், புகையிலைத் தோட்டத்து வரம்போரப் பாதையில், கதிரவேலு இரவல் சைக்கிள் ஒன்றின் பின்கரியலைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். சைக்கிளின் மேலே குணலட்சுமி இருப்பாள். "விடாதேங்கோ, ஐயோ விடாதேங்கோ" என்று அடித்தொண்டையில் கத்துவாள். அவர் விட்டதும் விழுவாள். மூன்று கிழமை விழுந்தாள். நாலாம் கிழமை ஒழுங்கையில் நேராக ஓடி வந்து, சந்தியில் மணி அடித்தாள். பன்னிரண்டு வயதுப் பாலேஸ்வரி ஓலைக்கிடையால் எல்லாவற்றையும் பார்த்தாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை.

எண்பத்தெட்டில் கதிரவேலு நெஞ்சுநோ வந்து போய்விட்டார். அதன் பிறகு பென்சனும் பம்பும்தான் அவளுக்குத் துணை. தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வர அரசாங்கம் தடை போட்டது. பெற்றோல் நின்றது, சவுக்காரம் நின்றது, பற்றரி நின்றது, சைக்கிள் ரயரும் ரியூப்பும் நின்றன. ஊரே சைக்கிளில் ஏறிய காலத்தில் சைக்கிளுக்கு ஒன்றும் இல்லை. பம்புகள் ஒவ்வொன்றாக வாசர் தேய்ந்து செத்தன. குணலட்சுமி மாத்திரம் தன் பம்பின் தோல் வாசருக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பூசி வைத்திருந்தாள். காத்து அடிக்க அவளுடைய முற்றத்துக்குத்தான் வரவேண்டும். காசு வாங்க மாட்டாள். அது இன்னும் மோசம். காசு வாங்குகிறவனை ஏசலாம். இவளிடம் காத்து அடிக்க வந்தவன் மலைக்கதை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போகலாம். முன்சில்லுக்கு அடிக்கையில் ஏற்றக் கதை, பின்சில்லுக்கு அடிக்கையில் இறக்கக் கதை.

இது போதாதென்று ஒரு பால்மாத் தகரப் பேணியும் இருந்தது. அதற்குள் தடைக்கு முன்னமே வாங்கின புது ரியூப் ஒன்று, முகப்பவுடர் தூவி மடித்து, வாயை ஒட்டி வைத்திருப்பதாக ஊருக்கே தெரியும். எலி கடித்துவிடும் என்று குசினிக்குள், அடுப்புக்கு நேர் மேலே இருந்த தட்டில் ஏற்றி வைத்திருந்தாள். அருளம்பலத்தார் ஒருமுறை, பெண்சாதியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அந்த ரியூப்பைக் கேட்டுக் கெஞ்சினார். "வைச்சிருக்கிறன் அண்ணை. ஆனா இப்ப தரேலாது. பெரிய அவசரத்துக்கு எண்டு வைச்சிருக்கிறன்" என்றாள். அவர் பெண்சாதியைக் கரியலில் இருத்தி உருட்டிக்கொண்டே ஆசுப்பத்திரிக்குப் போனார். பெரிய அவசரம் என்பது எப்படி இருக்கும் என்று அவளும் சொல்லவில்லை.

தொண்ணூற்றைந்து தையில் சண்டை நின்றது. வானத்தில் குண்டு போடுகிற பொம்பர் இல்லை. தடையும் எடுபடப் போகிறது என்று பேப்பரில் வந்தது. கடைக்கு ரயர் வரவில்லை. என்றாலும் சனம் கோயிலுக்கும் கடலுக்கும் போகத் தொடங்கியது.

அந்த மாசிமாதம் பாலேஸ்வரிக்கு ஒரு வேலை வந்தது. சாவகச்சேரியில் தையல் நிலையம் ஒன்று தொடங்கியிருந்தார்கள். அவள் தைத்துக் கொடுத்த சட்டை ஒன்றை யாரோ கொண்டுபோய்க் காட்ட, பொறுப்பாக இருந்த அருமைநாயகி அக்கா அவளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள், தையலை இழுத்துப் பார்த்தாள், "சரி" என்றாள்.

"எட்டுமணிக்கு மெசினிலை இருக்க வேணும், தங்கச்சி. அச்சுவேலியிலை இருந்து ஒன்பது கட்டை. பஸ்ஸை நம்பி வராதை. சைக்கிள் இருக்கோ?"

"ஓம்."

"அடுத்த திங்கள் தொடங்கு. அண்டைக்கு வரேல்லையெண்டால் நான் காத்திருக்க மாட்டன். கை தெரிஞ்ச பிள்ளையள் ஏழுபேர் வரிசையிலை நிக்கினம்."

சைக்கிள் இருந்தது. பின் ரியூப்பில் பதினொரு ஒட்டு இருந்தது. ஒன்பது மைல் போய் ஒன்பது மைல் வர அது தாங்காது என்று பாலேஸ்வரிக்குத் தெரியும். வேலை போனால் திரும்பவும் வெங்காயம் கிண்டப் போகவேண்டும், தாயின் மருந்துக்குத் தமையனின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் ஒன்று கேட்கப் போனாள்.

அவள் போன அதே கிழமை நமசிவாயம் அண்ணையும் குணலட்சுமியிடம் வாயைக் கொடுத்திருந்தார். காத்து அடித்துக்கொண்டே, "குணம், மலை மலை எண்டுறாய். இப்ப சண்டையும் இல்லை. மணற்காட்டிலை பனை உயரத்துக்கு மணல்மலை நிக்குது. ஒருக்கா ஏறி இறங்கிக் காட்டன்" என்றார். முற்றத்தில் நின்ற நாலுபேர் சிரித்தார்கள். குணலட்சுமி அந்தச் சிரிப்பை மறக்கவில்லை.

பாலேஸ்வரி வந்து பின் ரியூப்பைப் பற்றி இரண்டு வசனம் சொன்னதும், குணலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ என்ரை சிநேகிதி எல்லோ" என்றாள். பாலேஸ்வரிக்கு அது அன்றுதான் தெரியும். "சனிக்கிழமை என்னோடை மணற்காட்டுக்கு வா. இரவு அங்கை கூடாரம் அடிச்சுப் படுப்பம். ஞாயிறு திரும்புவம். நான் மணல்மலையிலை ஓடினதை நீ பாத்தனீ எண்டு வந்து சொல்ல வேணும். அவ்வளவுதான். ரியூப்பைப் பேணியோடை தாறன்."

"இப்ப தந்தியள் எண்டால் போட்டுக்கொண்டு வரலாம், குணமக்கா."

"உனக்கு என்னிலை நம்பிக்கையில்லையோ? வழியிலை காத்துப் போனால் அங்கை வைச்சுத் தாறன். பேணியைக் கொண்டு வாறன்."

ஊரில் எத்தனையோ பேர் இருக்கத் தன்னை ஏன் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள் என்பது பாலேஸ்வரிக்கு விளங்கியது. எதைக் கேட்டாலும் ஓம் என்கிற வாய்தான் சாட்சிக்கு நல்லது. அவளும் "ஓம்" என்றாள்.

சனிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். பாலேஸ்வரியின் கரியலில் புட்டுப் பார்சல், தண்ணீர்க் கலன், பாய், கூடாரத்துக்கென்று ஒரு தார்ப்பாய்ப் படங்கு, நாலு தடி, கயிறு. குணலட்சுமியின் கரியலில் பம்பும் பேணியும். பாரமானதெல்லாம் சிநேகிதிக்கு.

வல்லை வெளியில் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அங்கே எப்போதும் அப்படித்தான். குணலட்சுமி மூன்று இடத்தில் இறங்கி நின்றாள். மூன்று இடத்திலும் பாலேஸ்வரியின் ரயரை அமத்திப் பார்த்தாள்.

"உன்னாலைதான் சுணங்குது. காத்துக் காணாது."

நெல்லியடி தாண்டி, மந்திகை தாண்டி, வல்லிபுரக் கோயிலடிக்குப் போகப் பத்துமணியாகிவிட்டது. தார்றோட்டு அங்கே முடிகிறது. அதற்கப்பால் மணல். குணலட்சுமி பம்பை இறக்கி இரண்டு சைக்கிளுக்கும் இறுக்கி இறுக்கி அடித்தாள். "மணலுக்குக் கல்லு மாதிரி இருக்க வேணும். மலைக்கு ஓடினவளுக்குத்தான் தெரியும்."

கல்லு மாதிரி இருந்த ரயர்கள் கல்லு மாதிரியே மணலுக்குள் இறங்கின. பத்து யார் தூரம்கூட ஓடவில்லை. மணற்காடு வரைக்கும் உருட்டினார்கள். இடையில் சைக்கிளைத் தூக்கியும் நடந்தார்கள். எதிரே அந்த ஊர்ப் பெண்கள் மீன்கூடையைக் கரியலில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஓடி வந்தார்கள். மணலில், இருந்தபடி, கதைத்துக்கொண்டே. அவர்களுடைய ரயர்கள் அரைவாசி சப்பளிந்து கிடந்ததைப் பாலேஸ்வரி கவனித்தாள்.

சவுக்கந்தோப்போரம் கருவாடு பரப்பிக்கொண்டிருந்த ஒருத்தி இவர்களைக் கண்டு நிமிர்ந்தாள். பெர்னடெட் என்று பேர். நாற்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"எங்கையிருந்து அக்கா சைக்கிளைக் காவிக்கொண்டு வாறியள்?"

"அச்சுவேலி. மலையேற வந்தனாங்கள்" என்றாள் குணலட்சுமி.

"காத்தை இறக்குங்கோ. அரைவாசி போகட்டும். மணலிலை சில்லு அகலமாப் படுக்க வேணும், அப்பத்தான் ஓடும்."

"காத்தை இறக்கிறதோ?" குணலட்சுமி பாலேஸ்வரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். "கடற்கரைச் சனத்துக்கு வள்ளம் தெரியும். சைக்கிள் என்ன தெரியும்?"

பெர்னடெட்டுக்கு அது நன்றாகவே கேட்டது. "சரி அக்கா, நீங்கள் ஏறுங்கோ. நாங்கள் பாத்துப் பழகுறம்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டைப் புரட்டினாள்.

மணல்மலையில் குணலட்சுமியின் சைக்கிளை ஏற்றியது பாலேஸ்வரி. குணலட்சுமி ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, இவள் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளினாள். உச்சிக்குப் போனதும் குணலட்சுமி சேலையைச் சரிசெய்தாள், கடலைப் பார்த்தாள், கீழே நின்ற பெர்னடெட்டைப் பார்த்தாள், ஏறி இருந்தாள். முன்சில்லு மணலுக்குள் புதைந்தது. சைக்கிள் தலைகீழாகி அவளைத் தாண்டிச் சரிந்து போக, அவள் பின்னால் உருண்டு போனாள். இரண்டும் அடிவாரத்தில் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தன.

"பெடல் பிழை" என்றாள், வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு.

சவுக்க நிழலில் கூடாரம் அடிக்கத் தொடங்கினாள். மலைநாட்டில் வருசாவருசம் கூடாரம் அடித்தவளாம். தடியை மணலில் குத்துவாள், காற்று அடிக்கும், தடி படுக்கும். திரும்பக் குத்துவாள். பெர்னடெட் வந்து பார்த்துவிட்டு, "கண்டறியாத கூடாரம்! சாக்கிலை மணலைப் போட்டுத் தாட்டு, அதிலை கயிறைக் கட்டுங்கோ அக்கா" என்றாள். குணலட்சுமி காது கேட்காதவள்போல் இருந்தாள். கடைசியில் படங்கின் ஒரு தொங்கலைச் சவுக்கில் கட்டி, மற்றத் தொங்கலைத் தடியில் மாட்டி, இரண்டுபேர் குந்துமளவுக்கு ஒன்று நின்றது. மூச்சு விட்டாலும் விழும் போலிருந்தது.

புட்டுப் பார்சலைப் பிரிக்க முதல் அவள் பாலேஸ்வரியின் சைக்கிளிடம் போனாள்.

"சாப்பிட்டிட்டு உன்ரையிலை ஏறுறன். என்ரைக்குத்தான் பெடல் பிழை." குனிந்து பின் ரயரை அமத்தினாள். "காத்துக் காணாது."

"காணும், குணமக்கா. ஒட்டுப்போட்ட ரியூப். வேண்டாம்."

"சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

பாலேஸ்வரி ஹாண்டிலைப் பிடித்தாள். பிடித்த கையைத் தட்டிவிட்டுக் குணலட்சுமி காத்து அடித்தாள். முப்பது அடி, நாற்பது அடி. பாலேஸ்வரிக்குத் தன் நெஞ்சுக்குள் அடிப்பது போலிருந்தது. அடித்து முடித்துப் பம்பை மணலிலே போட்டுவிட்டு, சைக்கிளை உச்சிவெய்யிலில் சாத்திவிட்டு வந்து புட்டுக்குக் கை வைத்தாள்.

மூன்றாம் பிடி புட்டு வாய்க்குப் போகும்போது வெடித்தது.

சண்டை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் மணலில் குப்புற விழுந்தார்கள். பெர்னடெட் கருவாட்டுக்கு மேலே விழுந்தாள். பாலேஸ்வரியும் படுத்தாள். குணலட்சுமி கூடாரத்துக்குள் பாய்ந்தாள். கூடாரம் அவளுக்கு மேலே விழுந்தது. படங்குக்குள்ளிருந்து, "கதிரவேலு! கதிரவேலு!" என்று செத்துப்போன புருசனை அவள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. புருசன் பேரை அவள் வாயால் அன்றுதான் ஊர் கேட்டது, அதுவும் வேற்றூர்.

முதலில் எழும்பினது பாலேஸ்வரி. குண்டு இல்லை என்று அவளுக்குத் தெரியும். படுத்திருக்கும்போதே தெரியும். பின் ரயரில் விரல் நீளத்துக்குக் கிழிவு. உள்ளே ரியூப் ஒரு சாணுக்கு வாய் பிளந்திருந்தது. பன்னிரண்டாவது ஒட்டுக்கு அங்கே இடமில்லை.

குணலட்சுமி படங்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தலை முழுக்கச் சவுக்கு ஊசி. சைக்கிளைப் பார்த்தாள்.

"நல்ல ரியூப் எண்டால் வெடிச்சிராது" என்றாள்.

பாலேஸ்வரி பேணிக்காகக் கையை நீட்டினாள். நீட்டின கை மடங்கவில்லை. குணலட்சுமி அங்கே இங்கே பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பேணியை எடுத்து மூடியைக் கரண்டியால் நெம்பினாள். முகப்பவுடர் மணம் வந்தது. ரியூப்பை வெளியே எடுத்து உதறினாள். அது விரியவில்லை. மடித்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி வெடித்து, துண்டு துண்டாக மணலில் விழுந்தது. ஐந்து வருசம் அடுப்புக்கு மேலே அவிந்த ரப்பர்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பெர்னடெட் மாத்திரம் ஒரு துண்டைப் பொறுக்கி எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்த்தாள். "வடகமெல்லோ அக்கா இது" என்றாள்.

பாலேஸ்வரிக்கு அருளம்பலத்தார் உருட்டிக்கொண்டு போன சைக்கிள் நினைவுக்கு வந்தது. அவர் கெஞ்சியபோது இந்த ரியூப் நல்லாக இருந்திருக்கும். வேறு யாருக்காவது கொடுத்திருந்தாலும் உதவியிருக்கும். கொடுக்காமல் வைத்து வைத்தே பொடியாக்கினாள்.

"உனக்கு வழி பாப்பம், பாலேஸ்" என்றாள் குணலட்சுமி. "மலையிலை எனக்கு இப்பிடி எத்தினை தரம் வெடிச்சிருக்கு. நான் பயந்தனானோ?"

பாலேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"குணமக்கா, நீங்கள் மலையிலை சைக்கிள் ஓடேல்லை. நீங்கள் சைக்கிள் பழகினது எங்கடை வேலிக்குப் பின்னாலை. கதிரவேலு அண்ணை கரியலைப் பிடிச்சுக்கொண்டு ஓடினவர். நீங்கள் விடாதேங்கோ விடாதேங்கோ எண்டு கத்தினனீங்கள். நான் ஓலைக்குள்ளாலை பாத்தனான்."

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. அவ்வளவு நீளமாக அவள் அதற்கு முதல் ஒருவரிடமும் கதைத்ததில்லை. குணலட்சுமியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளிறியது. "உவளின்ரை கதையைப் பார்" என்று யாரிடமோ சொன்னாள். விழுந்து கிடந்த கூடாரத்தின் மேலே போய் இருந்தாள்.

பெர்னடெட் பாலேஸ்வரியிடம், "எப்ப தங்கச்சி திரும்பிப் போக வேணும்?" என்று கேட்டாள்.

"திங்கள் எட்டுமணிக்குச் சாவகச்சேரியிலை நிக்க வேணும். புது வேலை. நிக்காட்டில் வேலை போயிடும்."

பெர்னடெட் குடிசைக்குப் போய், தோள் நிறையப் பழைய நைலோன் வலை அள்ளிக்கொண்டு வந்தாள். "தடை வந்த காலத்திலையிருந்து எங்கடை சைக்கிள் கனக்க இதிலைதான் ஓடுது. காத்து வேண்டாம். வலையை முறுக்கி உள்ளுக்கை அடைய வேணும். குண்டி நோகும். ஆனா ஊர் போய்ச் சேருவாய்."

பின்னேரம் முழுக்க இருவரும் அதிலேயே இருந்தார்கள். வலையைக் கயிறாக முறுக்கினார்கள். கை மொத்தத்துக்கு முறுக்கி, றிம்மைச் சுற்றிப் போட்டு, ரயரை அதற்கு மேலே இழுத்து இழுத்து ஏற்றினார்கள். ரயரை நெம்பின இரண்டு கரண்டி வளைந்தது. ரயரின் கிழிவைப் பார்த்துப் பெர்னடெட் உச்சுக்கொட்டினாள். பாலேஸ்வரி அவளிடம் வலைபின்னுகிற ஊசியையும் நூலையும் வாங்கி, கிழிவை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே என்று இரட்டைத் தையல் போட்டு மூடினாள். ஒவ்வொரு தையலையும் பல்லால் இழுத்து இறுக்கினாள். பெர்னடெட் கையால் தடவிப் பார்த்தாள்.

"தங்கச்சிக்கு வேலை குடுத்தவள் விசரியில்லை" என்றாள்.

அன்றிரவு பாலேஸ்வரி பெர்னடெட்டின் குடிசையில் படுத்தாள். குணலட்சுமியையும் கூப்பிட்டார்கள். அவள் வரவில்லை. கூடாரத்துக்குள் படுத்து எழும்பியதாகக் காலையில் சொன்னாள். உடம்பெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. படங்கைப் போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறாள் என்று எவருக்கும் தெரியும்.

ஞாயிறு காலை பாலேஸ்வரி மணலில் ஏறி இருந்து மிதித்தாள். குலுக்கியது, என்றாலும் ஓடியது. பின்னால் உருட்டிக்கொண்டு வந்த குணலட்சுமி நூறு யார் தூரத்தில் மூச்சிளைத்து நின்றாள். சுற்றிப் பார்த்தாள். பெர்னடெட்டின் குடிசை மறைந்துவிட்டது என்று தெரிந்த பிறகு குனிந்து, தன் இரண்டு ரயரிலும் காத்தை இறக்கினாள். அதன் பிறகு அவளும் ஓடினாள்.

வல்லிபுரத்தில் தார்றோட்டு வந்ததும் சப்பளிந்த ரயர் உதவாது. பம்பை எடுத்து அடித்தாள். முதல் அடியில் நறநற என்றது. இரண்டாம் அடியில் உஸ்ஸென்றது. நேற்று மணலில் போட்ட பம்பு, வாசருக்குள் மணல் அரைத்து, தோல் பிய்ந்துவிட்டது. அவள் ஏறி ஏறி அடித்தாள். அந்தப் பித்தளையிலிருந்து கிழவன் இருமுவது போல ஒரு சத்தம் வந்தது, காத்து வரவில்லை.

"பாலேஸ், கொஞ்சம் பொறு. ரெண்டுபேருமா உருட்டுவம்."

பாலேஸ்வரி காலைத் தரையில் ஊன்றி நின்றாள். தலையில் இன்னும் ஒரு சவுக்கு ஊசியோடு அந்த மனுசி நின்ற நிற்பைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு சாவகச்சேரிக்கு எட்டுமணிக்குப் போகமுடியாது.

"அரைக் கட்டையிலை ஒரு சைக்கிள் கடை இருக்கு, குணமக்கா. வரேக்கை பாத்தனான். அங்கை அடியுங்கோ. நான் போறன், நாளைக்கு வேலை."

திரும்பிப் பார்க்காமல் மிதித்தாள். வல்லை வெளியில் காற்று இம்முறை பின்னாலிருந்து அடித்தது.

திங்கட்கிழமை ஏழு நாற்பதுக்கு அவள் சாவகச்சேரியில் நின்றாள். அருமைநாயகி அக்கா படியில் நின்று சைக்கிளைப் பார்த்தாள், ரயரில் ஓடின தையலைப் பார்த்தாள். "உது நீயோ தைச்சது?" என்றாள். "ஓம்" என்றதும், வேறொன்றும் கேட்காமல் மெசினைக் காட்டினாள்.

அந்தக் கிழமை ஒழுங்கையில் நமசிவாயம் அண்ணை சாட்சியை மறித்தார்.

"பாலேஸ், குணம் மலையிலை ஏறினவளோ?"

"ஓம் அண்ணை. சைக்கிளை நான் தள்ளினனான்."

"இறங்கினவளோ?"

"ஓம். சைக்கிள் முன்னாலை, அவ பின்னாலை."

நமசிவாயம் அண்ணைக்கு அது போதும். அடுத்த ஞாயிறு அவர் ரயரைக் கழற்றிக்கொண்டு பாலேஸ்வரியின் படலைக்கு வந்தார். வலை எங்கே வாங்கலாம், எப்படி முறுக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு அருளம்பலத்தார் வந்தார்.

இது ஆனி மாதம். சண்டை திரும்பத் தொடங்கி இரண்டு மாதமாகிறது, ரயர் இன்னும் கடைக்கு வரவில்லை. பாலேஸ்வரி நாள்தோறும் ஒன்பது கட்டை போய் வருகிறாள். அவளுடைய பின்சில்லில் அதே வலைதான் இருக்கிறது. ஒழுங்கையில் ஏழு சைக்கிள்கள் வலையில் ஓடுகின்றன. குணலட்சுமியின் பம்புக்கு வாசர் கிடைக்கவில்லை, அவளுடைய முற்றத்துக்கு யாரும் காத்துக்கு வருவதுமில்லை. அவள் இன்றும் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் குனிந்து பின் ரயரைப் பெருவிரலால் அமத்துகிறாள். உள்ளே வலை இருக்கிறதால் அது அமுங்குவதில்லை. நிமிர்ந்து, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறாள்.